நாகபூஷண முதலியாரின் சத்தமில்லாத ஜீப்பு

நாகபூஷண முதலியாரின் ஜீப்பு யுத்தத்துக்குப் போய் வந்தது. எந்த ஊர் யுத்தம் என்று அவரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம், சென்னையில் ஏலத்தில் எடுத்தது. நகரியில் பெரிய மனிதராக இவ்வளவு போதும். வாங்கி வந்த கையோடு அதன் தலையில் ஒரு தகரக் கூடு செய்து மாட்டினார். கூட்டிலேயே இரண்டு கதவுகள், கதவுகளில் தள்ளுகிற கண்ணாடி. உள்ளேயிருந்து எட்டு போல்ட்டுகளைக் கழற்றினால் கூடு கதவுகளோடு மொத்தமாக மேலே எழும்பி வந்துவிடும். திருவிழா, ஊர்வலம், மந்திரி வருகை என்றால் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஜீப்பில் நின்றபடி கும்பிடுவார். மற்ற நாட்களில் கூட்டுக்குள் உட்கார்ந்தபடி கும்பிடுவார். கும்பிடாமல் அவர் எங்கும் போனதில்லை.

கூடு மாட்டிய ஜீப்பு கப்பி ரோட்டில் ஓடினால் உள்ளே இருப்பவர்களுக்குப் புத்தூர் வருவதற்குள் காது அடைத்துவிடும். பக்கத்தில் இருப்பவர் பேசினால் வாய் அசைவது மட்டும் தெரியும்.

அந்தச் சத்தத்தால் பிழைத்துக்கொண்டிருந்தவன் ஒருவன் உண்டு. டிரைவர் எத்திராஜ். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலியார் அவனுடைய லைசென்சை வாங்கி, "உன் வூட்ல இருந்தா எலி கடிச்சிடும்டா, எங்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு நான்கு வருஷமாக எத்திராஜால் வேறு எங்கும் போக முடியவில்லை. லைசென்சு இல்லாத டிரைவரை யார் சேர்ப்பார்கள்? ஆகவே தினமும் ஜீப்பைக் கிளப்பி, சத்தம் உச்சத்துக்கு வந்ததும், முதலியாரைப் பற்றித் தன் மனசில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவான். அவருடைய தொந்தி, அவருடைய கும்பிடு, அவர் பெட்டியின் சாவி, ஒன்றையும் விடமாட்டான். முன்கண்ணாடியில் அவன் உதடு அசைவதைப் பார்த்த முதலியார், "நம்ம டிரைவர் பெரிய பக்திமான். வழி நெடுக கோவிந்த நாமந்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

இது ஐம்பத்தேழாம் வருஷத்துக் கதை. ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து நான்கு வருஷமாகியும் சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது தீரவில்லை. முதலியார் 'நகரி எல்லை மக்கள் குரல்' என்று ஒரு சங்கம் வைத்து, தாமே தலைவராகி, தம் கடைக் குமாஸ்தா சிவசங்கரனைக் காரியதரிசியாக்கியிருந்தார். சங்கத்தில் மூன்றாவது ஆள் கிடையாது. ஆனால் மனு இரண்டு இருந்தது. நகரி சென்னை ராஜ்யத்தோடு சேராவிட்டால் உயிரை விடுவோம் என்று ஒன்று. நகரியை ஆந்திராவிலிருந்து பிரித்தால் உயிரை விடுவோம் என்று ஒன்று. அவருக்கு நூல் பர்மிட் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்தது, சேலை விற்பனை சென்னைப் பக்கத்தில் நடந்தது. ஒரே உயிரை இரண்டு பக்கமும் விடத் தயாராக இருந்தார்.

மனு வாங்க ஓர் அதிகாரி டில்லியிலிருந்து திருப்பதிக்கு வருகிறார், சனிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை பங்களாவில் இருப்பார், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று செய்தி வந்தது. முதலியார் ஐந்து நிமிஷ இங்கிலீஷ் பிரசங்கம் ஒன்றைச் சிவசங்கரனிடம் எழுதி வாங்கினார். அதை வழியெல்லாம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றார்.

"டேய் எத்திராஜு, டில்லியில பெரிய மனுசங்க காருல உக்காந்தா கைக்கடியாரம் துடிக்கிறது கேக்குமாம். நம்ம வண்டியில நான் பேசறது எனக்கே கேக்கல."

"இது ஜீப்பு மொதலியாரே. சத்தம் போடத்தான் செய்யும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. சனிக்கெழமைக்குள்ள சத்தம் நிக்கணும்."

எத்திராஜ் கொஞ்சம் யோசித்தான். திருப்பதியில் ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர் வேலை காலி. அதே சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்குள், லைசென்சோடு வந்து நின்றால் எடுத்துக்கொள்வதாக மேஸ்திரி நாகையா சொல்லி அனுப்பியிருந்தார்.

"நிறுத்திட்டா என் லைசென்சைத் தருவீங்களா?"

முதலியார் தயாளமாகச் சிரித்தார். "திருப்பதியில போய் எறங்கின ஒடனே உன் கையில குடுத்துடறேன் போ. நிறுத்தலைன்னா அத்த மறந்துடு."

மூன்று நாட்கள் எத்திராஜ் ஜீப்புக்குள்ளேயே கிடந்தான். சிவசங்கரனைப் பின்னால் உட்காரவைத்து, கையில் சாக்குக்கட்டியைக் கொடுத்து, எங்கெங்கே அதிர்கிறதோ அங்கெல்லாம் கோடு போடச் சொல்லிவிட்டு ஏகாம்பரகுப்பம் வரை ஓட்டினான். திரும்பி வந்து பார்த்தால் சிவசங்கரன் தன் வேட்டியிலும் இரண்டு கோடு போட்டிருந்தான். ஆனாலும் ஒரு விஷயம் பிடிபட்டது. ஓடும்போது கூட்டின் கூரையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் பாதிச் சத்தம் அடங்கியது. ரோட்டின் அதிர்வு டயரில் ஏறி, சட்டத்தில் ஏறி, போல்ட்டு வழியாகத் தகரத்துக்குப் போய், அங்கேதான் கூத்தாடுகிறது.

போல்ட்டு ஒவ்வொன்றின் கீழும் பழைய லாரி டயரில் வெட்டிய ரப்பர் வில்லையைக் கொடுத்தான். தரையில் தாரில் தோய்த்த சாக்கைப் பரப்பி, அதன்மேல் தென்னை நார்ப் பாயை விரித்தான். கூரையின் உட்பக்கம் முழுக்கத் தறியில் விழும் நூல் கழிவைத் துணிக்குள் அடைத்து மெத்தை மாதிரித் தைத்துப் பொருத்தினான். ஜீப்பு அடங்கிவிட்டது. கதவு ஓரத்தில் காற்று நுழையும் விசில் ஒன்றுதான் பாக்கி. அதற்குச் சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, ரப்பர் பசை போட்டு ஒட்டினால் தீர்ந்தது.

"ரப்பர் பசை எங்கேருந்து வருது?" என்றார் முதலியார்.

"மெட்ராசுலேருந்து."

"எல்லைத் தகராறு நடந்துகினு இருக்கறப்ப என் வண்டியில மெட்ராசு பசையா? தெலுங்குக்காரங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"அப்ப பெஜவாடாவுலேருந்து வாங்கிக்கலாம்."

"தமிழங்க பாத்தா?" முதலியார் விரலை உயர்த்தினார். "நம்ம நகரி கஞ்சி இருக்குதுடா. எந்த ராஜ்யத்துக்கும் சேராத கஞ்சி."

அவருடைய நெசவுக் கொட்டகையில், தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற பச்சையம்மாள் ஒரு சட்டி அரிசிக் கஞ்சியைக் காய்ச்சி எடுத்து வந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு ஓரம், கண்ணாடி ஓரம் எல்லாவற்றிலும் நூல் கழிவைத் திரித்துக் கஞ்சியில் முக்கிமுக்கி ஒட்டினாள். ஒட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டு நாளு கதவத் தெறந்து போட்டு வெயில்ல வைங்க. ஈரத்தோட மூடினா ஒண்ணோட ஒண்ணு புடிச்சிக்கும். பாவுல கஞ்சி காயறதுக்குள்ள இழை இழையா பிரிச்சி உடறோமில்ல, அது எதுக்கு?"

நகரியில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். பாவுக்கு மத்தியில் ஒரு நாளும் நிற்காமலேயே பாவினால் பணக்காரரான ஒருவருக்குத்தான் தெரியாது.

"என் கொட்டகையில நூறு பாவு ஓடுதுடி. கஞ்சியப் பத்தி எனக்கே சொல்றியா?"

"நான் இன்னாத்த சொல்றது? எனக்கு தெரிஞ்சது கஞ்சி ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கங்க" என்று சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதலியார் கறுப்புக் கோட்டுப் போட்டு, வழியில் சூடு தாக்காமலிருக்க இரண்டு செம்பு மோர் குடித்து, ஜீப்பில் ஏறினார். கதவு ஓரம் இன்னும் பிசுபிசுவென்றிருந்தது. கைக்குட்டையால் பிடித்து இழுத்து, ஓங்கிச் சாத்தினார். சிவசங்கரன் பின்னால் இரண்டு மனுவையும் இரண்டு பைகளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதலியார் கோட்டின் உள்பையிலிருந்து லைசென்சுப் புத்தகத்தின் நுனியை மட்டும் வெளியே இழுத்து எத்திராஜிடம் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளினார்.

ஜீப்பு கிளம்பியது.

சத்தமே இல்லை. எங்கோ தூரத்தில் வேறு யாருடைய வண்டியோ ஓடுவதுபோல இருந்தது. முதலியாரின் கைக்கடிகாரம் துடிப்பது கேட்டது. சிவசங்கரன் எச்சில் விழுங்குவது கேட்டது. ஊர் எல்லையைத் தாண்டியதும் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்து, "இந்தத் தொந்தி..." என்று ஆரம்பித்துவிட்டது.

"இன்னாடா?"

"தொந்தி விநாயகா, காப்பாத்துன்னு வேண்டிக்கினேன் மொதலியாரே."

"அதென்ன விநாயகரு? தினம் கோவிந்த நாமந்தானே சொல்லுவே. இன்னிக்குத்தான் காதுல உழும். நல்லா ராகமா சொல்லு, கேக்கலாம்."

எத்திராஜுக்கு ஒரு பாட்டும் தெரியாது. எட்டு மைல் தூரம் "கோவிந்தா, கோவிந்தா" என்று ஒரே சுருதியில் கத்திக்கொண்டு ஓட்டினான். அவன் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களிலெல்லாம் முதலியார் தம் இங்கிலீஷைச் சொல்லிப் பார்த்தார். அதன் முதல் வாக்கியமே எல்லை மக்களின் இதயம் தாம்தான் என்று ஆரம்பித்தது. அந்த வாக்கியம் பதினாறு தடவை வந்தது. காதைப் பொத்திக்கொள்ள எத்திராஜுக்குக் கை காலியில்லை.

புத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. தகரம் காய்ந்து, தார்ச் சாக்கு வியர்த்து, கஞ்சி புளித்து, மூன்று வாசனையும் உள்ளேயே சுற்றியது. விசில் வரும் சந்துகளையெல்லாம் அடைத்தாயிற்று. அந்தச் சந்துகள் வழியாகத்தான் இதுவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் மூவருக்கும் தெரிந்தது. இரண்டு செம்பு மோரும் முதலியாரை அவசரப்படுத்தின.

"கொஞ்சம் கீழே போயிட்டு வந்துடறேன்" என்று கதவின் பிடியைத் திருப்பினார். கதவு வரவில்லை. தோளால் இடித்தார். எத்திராஜ் தன் பக்கத்துக் கதவை இடித்தான். சிவசங்கரன் கண்ணாடியைத் தள்ளினான். எல்லாம் ஒரே பலகையாக இறுகியிருந்தன.

"கஞ்சி நல்ல கஞ்சிங்க" என்றான் சிவசங்கரன்.

"கண்ணாடிய ஒடச்சிடலாமா?" என்றான் எத்திராஜ்.

முதலியார் தம் பல்லை உடைக்கச் சொன்னதுபோலப் பார்த்தார். உடைத்தும் பிரயோசனமில்லை. அந்தச் சந்து வழியாக அவர் போவதென்றால் இரண்டு நடையாகத்தான் போக வேண்டும்.

"வேற வழி இல்லியாடா?"

"கீது. எட்டு போல்ட்டையும் கழட்டினா கூடு மேல வந்துடும். ஸ்பேனரு என் சீட்டுக்கடியிலதான் கீது." எத்திராஜ் கேட்டைப் பார்த்தபடியே சொன்னான். "லைசென்சைக் குடுங்க, கழட்டறேன்."

கைக்கடிகாரம் துடிப்பது கேட்டது.

"திருப்பதியில எறங்கினதும்னுதான் பேச்சு."

"அப்ப திருப்பதியிலயே எறங்கிக்கலாம்."

ரயில் போயிற்று. கேட் திறந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அழுத்தி முகம் சிவக்கத் திட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. ஒரு வார்த்தை உள்ளே வரவில்லை. எத்திராஜ் கியரைப் போட்டான். முதலியார் இரண்டு காலையும் இறுக்கி வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் வடமாலைப்பேட்டை வரை எல்லை மக்களின் இதயம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பதினொன்றேகாலுக்குப் பங்களா வந்தது. வாசலில் ஒரு மரத்தடியில் தமிழ்க் கட்சிக்காரர்கள், எதிர் மரத்தடியில் தெலுங்குக் கட்சிக்காரர்கள், நடுவில் ஒரு போலீஸ்காரர். நகரி முதலியார் தங்கள் ஆள் என்று இரண்டு மரத்தடிக்கும் தனித்தனியாக வாக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால், இரண்டு பக்கமும் மாலை வைத்திருந்தார்கள். ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள்.

முதலியார் கண்ணாடியைத் தட்டினார். வெளியே இருந்தவர்கள் கையை ஆட்டினார்கள். "கதவைத் திறங்கய்யா!" என்று கத்தினார். நூல் மெத்தை அந்தக் குரலை அப்படியே விழுங்கியது. வாய் அசைவதையும் முகம் சிவப்பதையும் முஷ்டி உயர்வதையும் மட்டும் பார்த்த தமிழ்க் கட்சிக்காரர்கள், இவ்வளவு ஆவேசமாகத் தமிழுக்காக யாரும் பேசியதில்லை என்று கை தட்டினார்கள். தெலுங்குக் கட்சிக்காரர்களும் அதே காரணத்துக்காகத் தட்டினார்கள். ஒருவர் மரியாதையாகக் கதவைத் திறக்க வந்தார். பிடி கையோடு வந்துவிட்டது. அதை ஜீப்பின் மூக்கில் பத்திரமாக வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

மணி பதினொன்றரை. முதலியாரின் முறை வந்துவிட்டது. டவாலி போட்ட சேவகன் ஒருவன் வராந்தாவில் நின்று இந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவது தெரிந்தது.

"எத்திராஜு, கண்ணு, சீக்கிரம் கழட்டுடா."

எத்திராஜ் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டான். பாட்டுப் பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தது. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, தன் மனசில் இருப்பதை அவருக்குக் கேட்கும்படி பேசினான்.

"மொதலியாரே, வழியெல்லாம் நான் பாடினு வர்றதா ஊரெல்லாம் சொல்லிகினு திரியறீங்களே, அது பாட்டில்ல. உங்களத்தான் திட்டிகினு வந்தேன். தினமும். நகரியில ஆரம்பிச்சா திருப்பதி வரைக்கும். உங்க தொந்திக்கு ரெண்டு மைலு, கும்பிடுக்கு ரெண்டு மைலு. மீதியெல்லாம் அந்தப் பொட்டிச் சாவிக்கு. சிவசங்கரனுக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதுங்க" என்றான் சிவசங்கரன் அவசரமாக. "எனக்குத் தொந்தி வரைக்குந்தான் காதுல உழுந்துச்சி."

முதலியார் வாயைத் திறந்தார். வெளியே கை தட்டினார்கள். மூடிக்கொண்டார். அவர் காலை மாற்றிப் பின்னிக்கொண்ட விதத்திலேயே எத்திராஜுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சும்மா கையை நீட்டினான். கோட்டின் உள்பையிலிருந்து லைசென்சு வியர்வையில் ஊறிப்போய் அவன் கைக்கு வந்தது. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போல்ட்டில் கை வைத்தான்.

எட்டும் கழன்றன. ஆனால் கஞ்சி கீழ்விளிம்பிலும் இறங்கியிருந்தது. மூவரும் குனிந்து, முதுகால் முட்டித் தள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது முட்டுக்குக் கூடு பிய்த்துக்கொண்டு எழும்பியது. வெளியே நின்றவர்கள் இது ஏதோ ஏற்பாடு என்று நினைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்தார்கள். வியர்த்து, தலையெல்லாம் நூல் கழிவு ஒட்டிக்கொண்டு, நாகபூஷண முதலியார் ஜீப்பில் எழுந்து நின்றார். இரண்டு மரத்தடி மாலைகளும் ஒரே சமயத்தில் கழுத்தில் விழுந்தன. ஜனங்கள் அவர் பேசுவார் என்று காத்திருந்தார்கள். அவர் குதித்துப் பங்களாவின் பின்பக்கம் ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டாகி, அதிகாரியின் கார் பின்வாசல் வழியாகக் காளஹஸ்திக்குப் போயிருந்தது. இரண்டு மனுவும் இரண்டு பைகளிலேயே இருந்தன.

எத்திராஜ் மரத்தடியில் நின்று லைசென்சின் ஈரப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தான். பஸ் கம்பெனி இரண்டு தெரு தள்ளித்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி படித்தான். சிவசங்கரனிடம் காட்டினான்.

"இது இன்னா தேதி?"

சிவசங்கரன் பார்க்காமலே சொன்னான். "ஐம்பத்து நாலு, பிப்ரவரி. வருசா வருசம் புதுப்பிக்கணும். நான் அப்பவே மொதலியார் கிட்ட சொன்னேன். பெட்டிக்குள்ள இருக்கறத எந்தப் போலீசு பாக்கப் போறான்னாரு."

"அப்ப மூணு வருசமா..."

"லைசென்சு இல்லாமத்தான் ஓட்டிகினு இருந்தே."

முதலியார் இரண்டு மாலையோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். கூட்டைப் பின்னால் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். "நடந்தது நடந்துபோச்சி. நான் பெரிசுபடுத்தல. வண்டிய எடுறா" என்றார்.

எத்திராஜ் சாவியை அவர் மடியில் வைத்தான்.

"லைசென்சு செத்துப்போச்சி மொதலியாரே. செத்த லைசென்சை வெச்சிக்கினு வண்டி ஓட்டக்கூடாது."

"காலையில ஓட்டினியே!"

"காலையில தெரியாது."

"மெதுவா பேசுடா" என்று முதலியார் பல்லைக் கடித்தார். மேலே கூடு இல்லை. ஐந்தடி தள்ளி நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்து, "ஏமண்டி, ஏமி விஷயம்?" என்றார். முதலியார் அவரைக் கும்பிட்டார். அவருக்கு ஜீப்பு ஓட்டத் தெரியாது. சிவசங்கரனுக்குச் சைக்கிள்கூடத் தெரியாது. நகரி முப்பத்தைந்து மைல். போலீஸ்காரர் பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

எத்திராஜ் பஸ் கம்பெனி பக்கம் போகவில்லை. நாகையா லைசென்சைத்தான் முதலில் கேட்பார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சித்தூர் பஸ்ஸில் ஏறினான். சனிக்கிழமை சித்தூர் லைசென்சு ஆபீஸை இரண்டு மணிக்கு மூடிவிடுவார்களோ, மூன்று மணி வரை இருக்குமோ என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான், அவருக்கும் தெரியவில்லை. புதுப்பிப்பார்களா, மறுபடி ஓட்டிக்காட்டச் சொல்வார்களா என்றும் தெரியவில்லை. மூன்று வருஷமாக எப்படி ஓட்டினாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்பது சந்திரகிரி தாண்டித்தான் தோன்றியது.

புத்தலப்பட்டில் வேர்க்கடலை மூட்டை ஏற்றுவதற்காக பஸ் நின்றது. டிரைவர் இறங்கிக் காப்பி குடிக்கப் போனார். இன்ஜினை நிறுத்தவில்லை. மூட்டை ஒவ்வொன்றாக இடம் பார்த்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. எத்திராஜ் இரண்டாவது சீட்டில், இரண்டு பெண்பிள்ளைகளின் கூடைகளுக்குப் பின்னால் நசுங்கி உட்கார்ந்து, காலி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி ஒன்றேமுக்கால். அவனுடைய வலது கால் கூடையின்மேல், இல்லாத ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தது.

"கால எடுய்யா, தக்காளி நசுங்குது" என்றாள் கூடைக்காரி.